கீழ்த்தளத்தில் இருந்த மருந்து

வெள்ளவத்தையில் எந்த வீட்டுக்குள் போனாலும் பிரிட்ஜுக்கு மேலே ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கும். அதற்குள் மிச்சக் குளிசைகள் கிடக்கும். யாருக்கோ தொண்டை நோவுக்கு எழுதிக் கொடுத்த அன்டிபயோட்டிக்கைப் பாதியில் நிறுத்தி, பிறகு உதவும் என்று அந்த டின்னுக்குள் போட்டு வைப்பார்கள். அடுத்த மாதம் வேறு யாருக்காவது காய்ச்சல் வந்தால் அது வெளியே வரும். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. என் வீட்டிலும் ஒரு டின் இருக்கிறது, என் மனைவி அதைத் தூசு தட்டித்தான் வைத்திருக்கிறாள்.

வாக்குமூலத்தைத் தமிழிலேயே சொல்லலாம் என்றீர்கள், அதற்கு நன்றி. எழுதுகிறவர் ஆறுதலாக எழுதட்டும். எனக்கு அவசரம் இல்லை. ஆஸ்பத்திரியில் இனி வாட்டுக்குப் போகக்கூடாது என்று சொன்ன நாளிலிருந்து எனக்கு எதற்கும் அவசரம் இல்லை.

என் சட்டத்தரணி தர்ஷன் நல்ல பிள்ளை. நேற்று வீட்டுக்கு வந்தவர், கட்டுக் கட்டாக ஆய்வுகள் கொண்டு வந்திருந்தார். எங்கெங்கோ நாடுகளில் என்னைப் போன்ற புற்றுநோய் டொக்டர்களைப் பிடித்துக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். கிருமிகள் அன்டிபயோட்டிக்குக்கு அடங்காமல் போவதைப் பற்றி உங்களுக்கு எவ்வளவு தெரியும், உங்கள் நோயாளிகளில் எத்தனை பேருக்கு அப்படி இருக்கும் என்று. பலருக்குச் சரியாகத் தெரியவில்லையாம். தர்ஷன் அதைக் காட்டிச் சொன்னார்: "சேர், இதுதான் எங்கட வழி. நீங்கள் வேற ஒண்டும் கதைக்க வேண்டாம். அந்த நேரம் எனக்கு இது தெரியாது எண்டு மட்டும் சொல்லுங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்."

தெரியாது என்று சொல்ல வேண்டுமாம். எனக்கு. எங்கள் ஆஸ்பத்திரியில் கிருமித்தொற்றுக் குழுவின் தலைவர் நான். இளைய டொக்டர்களுக்கு இந்த விஷயத்தை வகுப்பெடுத்தவன் நான். ஆனைக்குத் தன் தும்பிக்கையே தெரியாது என்பது போன்ற கதை. அதனால்தான் தர்ஷனை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுத் தனியாக வந்து உட்கார்ந்திருக்கிறேன். என் மீது எந்தக் குற்றமும் சொல்லுங்கள், அறியாமையை மட்டும் சொல்லாதீர்கள்.

உங்களுக்கு விளங்கும்படி சொல்கிறேன். கீமோ என்பது புற்றை அழிக்கக் கொடுக்கும் மருந்து. அது போகிற வழியில் இரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களையும் அழிக்கும். வெள்ளை அணுக்கள்தான் உடம்பின் காவற்காரர். அவர்கள் இல்லாத அந்தச் சில நாட்களில் ஒரு கிருமி உள்ளே வந்தால், அதைத் தடுக்க அன்டிபயோட்டிக் ஒன்றைத் தவிர வேறு ஆள் கிடையாது. அந்தக் கிருமி அன்டிபயோட்டிக்குக்கும் அடங்காத சாதியென்றால் நோயாளி போய்விடுவார். புற்றினால் அல்ல, காய்ச்சலினால். இது எனக்குத் தெரியாது என்கிறார் தர்ஷன்.

சிவக்கொழுந்து அம்மாவிலிருந்து தொடங்க வேண்டும். எங்கள் ஒழுங்கையில் எதிர்த்த அடுக்குமாடியில் இருப்பவர். குடலில் புற்று. அவருக்கு அது தெரியாது. மகள் துஷாந்தினி முதல் நாளே என் அறைக்கு வெளியே வைத்து என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மாக்கு வயித்தில புண் எண்டுதான் சொல்லியிருக்கிறம், டொக்டர். கான்சர் எண்ட சொல்லு அவவின்ர காதில விழக்கூடாது. கேட்டா அண்டைக்கே படுத்திடுவா."

இதில் புதினம் எதுவும் இல்லை. என்னிடம் வருகிற பத்துக் குடும்பத்தில் எட்டு இதைக் கேட்கும். தமிழரும் கேட்பார்கள், முஸ்லிம்களும் கேட்பார்கள், சிங்களவர்களும் கேட்பார்கள். என் தொழிலில் பாதி, சொல்லாமல் இருப்பது. அதில் நான் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தவன். புண் என்பேன், கட்டி என்பேன், கீமோவைச் சத்து மருந்து என்பேன். நோயாளி என் முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

அந்த அம்மாவுக்குச் சிறுநீரில் தொற்று வந்தது. வீட்டு டின்னிலிருந்து ஏதேதோ குளிசைகளை விழுங்கிவிட்டுத்தான் வந்து படுத்தார். எங்கள் ஆஸ்பத்திரியின் கிருமியியல் டொக்டர் ஸ்ரனிஸ்லாஸ், கொட்டாஞ்சேனைக்காரர், பகலில் வேறோர் இடத்தில் வேலை. எங்களோடு பெரும்பாலும் போனில்தான். அவர் போன் எடுத்துச் சொன்னார்.

"சேர், அந்த அம்மாட கல்சர் நல்லா இல்ல. மெரோபெனம் வேலை செய்யாது. கொலிஸ்டின் ஒண்டுக்குத்தான் கேக்குது. நான் பாமசிக்குச் சொல்லிடுறன். ஆளத் தனி அறைக்கு மாத்துங்க, பாத்ரூமும் தனியா இருக்கோணும். கீமோ ஆக்களுக்குப் பக்கத்தில வைக்க வேணாம்."

கல்சர் என்றால் கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் பரிசோதனை. மெரோபெனம் நாங்கள் வழமையாகக் கொடுக்கும் பலமான மருந்து. கொலிஸ்டின் அதற்கும் பிறகு உள்ளது, கடைசி மருந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கண்டபடி கொடுத்தால் அதற்கும் கிருமிகள் பழகிவிடும். ஆகவே ஸ்ரனிஸ்லாஸ் வாயால் சரி என்று சொன்னால்தான் எங்கள் பாமசி அதை வெளியே எடுக்கும். அந்த விதியைக் குழுவில் கொண்டுவந்தவன் நான்தான். நல்ல விதி. இப்போதும் அப்படித்தான் சொல்வேன்.

தனி அறைக்கு மாற்றப்போகிறோம் என்றதும் துஷாந்தினி அழத் தொடங்கிவிட்டாள். அவளுக்குக் கல்யாணம் முற்றாகி நாளும் குறித்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் கனடாவிலிருந்து வந்து நிற்கிறார்கள், சம்பந்தி அம்மாவைப் பார்க்க நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். தனி அறை என்றால் கதவில் அறிவித்தல் தொங்கும். உள்ளே போகிறவர்கள் மேலங்கியும் கையுறையும் போட வேண்டும்.

"புண்ணுக்கு ஆர் டொக்டர் இப்பிடிப் பூட்டி வைக்கிறது? அவை கேப்பினம். கான்சர் எண்டு தெரிஞ்சா, பரம்பரையில இருக்கு எண்டு சொல்லி நிப்பாட்டிப் போடுவினம். ஒரு கிழமை பொறுங்கோ டொக்டர். கல்யாணம் முடியட்டும்."

ஆயிரம் பொய் சொல்லியும் ஒரு கல்யாணத்தைச் செய் என்பார்கள். நான் ஒரு பொய்தான் சொன்னேன். அந்த அம்மாவை நாலு கட்டில் அறையிலேயே விட்டேன். மறுநாள் ஸ்ரனிஸ்லாஸ் கேட்டபோது, "ஓம், மாத்தியாச்சு" என்றேன். தாதிமாரிடம் கையை நன்றாகக் கழுவுங்கள் என்று சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை. சம்பந்திமார் திராட்சையும் ஹோர்லிக்ஸும் கொண்டுவந்து, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து சிரித்துக் கதைத்துவிட்டுப் போனார்கள். கொலிஸ்டின் வேலை செய்தது. அந்த அம்மா தேறிவிட்டார். ஆனால் தேறினாலும் அந்தக் கிருமி குடலில் குடியிருக்கும், கக்கூசிலும் குழாய்ப்பிடியிலும் இருக்கும். இதுவும் எனக்குத் தெரியும்.

நிஹ்லா பக்கத்துக் கட்டிலுக்கு வந்தது அதற்கிடையில்தான்.

காலி வீதியில் புடவைக்கடை வைத்திருக்கும் ஜவாத் ஹாஜியாரின் ஒரே மகள். கணக்கியல் படித்துக்கொண்டிருந்தவள். கழுத்தில் லிம்போமா. புற்றுநோய் என்றதும் பயப்படுவீர்கள், ஆனால் இது சுகமாகிற புற்று. அவள் வயதில் அநேகமாக எல்லோரும் பிழைத்து, கல்யாணம் கட்டி, பிள்ளை பெறுவார்கள். கட்டி ஏற்கெனவே சுருங்கிவிட்டது. இதை நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் உங்களுக்குச் சொல்லமாட்டார்கள், ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளை பிழைத்திருப்பாள்.

கீமோவுக்குப் பிறகு வாயெல்லாம் புண்ணாகிச் சாப்பிட முடியாமல் வந்தாள். வெள்ளை அணுக்கள் அடிமட்டத்தில். தனி அறைகள் நிறைந்திருந்தன. நாலு கட்டில் அறையில் ஒரு கட்டில்தான் காலி, அது சிவக்கொழுந்து அம்மாவுக்குப் பக்கத்தில். வேறோர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் காரணம் கேட்பார்கள். ஹாஜியார் என்னை நம்பி வந்தவர், அவரை வேறு இடத்துக்குப் போகச் சொல்வதும் அழகில்லை. அந்தக் கட்டிலில் போடச் சொன்னேன்.

இரண்டு பேரும் நல்ல சிநேகிதமாகிவிட்டார்கள். அம்மா அவளுக்குத் தலை தடவிவிடுவார். அவள் அம்மாவின் போனில் மகளின் கல்யாணச் சேலைகளைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் புள்ளி போடுவாள். ஒரே பாத்ரூம். நான் ரவுண்ட்ஸ் போகும்போது அதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

அம்மா வீட்டுக்குப் போனார். அதன் பிறகு நிஹ்லாவுக்குக் குளிரோடு காய்ச்சல் வந்தது. றோஸி மிஸ் எனக்குப் போன் எடுத்தார், அந்த வாட்டின் மூத்த தாதி.

"சேர், நிஹ்லாவுக்கு பிளட் கல்சர் எடுத்து அனுப்பவா?"

"இப்ப தேவையில்லை மிஸ். மெரோபெனத்தைத் தொடங்குங்கோ."

இந்த இடத்தைத்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள் என்று தர்ஷன் சொன்னார். பதில் சிக்கலானதல்ல. இரத்தத்தை அனுப்பினால் அது ஸ்ரனிஸ்லாஸிடம் போகும். அதே கிருமி என்று அவர் கண்டுபிடிப்பார். அந்த அம்மாவை மாற்றவில்லை என்பது தெரியவரும். அறையை மூடிக் கழுவுவார்கள். வரிசையில் நிற்கிற நோயாளிகளின் கீமோ தள்ளிப்போகும், அவர்களுக்கு அது கெடுதி. நான் அவர்களையும் யோசிக்க வேண்டும். அதோடு, குழுவின் தலைவரே பொய் சொன்னார் என்றால் அந்த விதிகளை இனி யார் மதிப்பார்கள்? இப்படித்தான் யோசித்தேன். அப்போது அது நியாயமாகவே பட்டது.

மெரோபெனம் அவளுக்கு வேலை செய்யாது என்று தெரிந்துதான் கொடுத்தேனா என்று கேட்டால், ஓம். பெரும்பாலும் செய்யாது என்று தெரியும். வெள்ளை அணுக்கள் தாமாக ஏறிவிட்டால் தப்பிவிடுவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சில பேருக்கு ஏறும்.

அவளுக்கு ஏறவில்லை. மறுநாள் போனபோது முகம் வெளிறி, உதடு காய்ந்து கிடந்தாள். ஆனாலும் வாய் ஓயவில்லை.

"டொக்டர், நீங்க இன்டைக்கு சிரிக்கிறீங்க. எனக்குப் பயமா இரிக்கி."

"ஏன் மகள், சிரிக்கக் கூடாதா?"

"நல்லா இரிக்கிறவங்களுக்கு நீங்க மொறைப்பீங்க. அந்த அம்மாவே சென்னாங்க." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள்: "இந்த மருந்து வேலை செய்யிதா டொக்டர்?"

"கொஞ்சம் பொறுங்கோ. செய்யும்."

அவள் தலையை ஆட்டினாள். வெளியே ஹாஜியார் நின்றார். இரவெல்லாம் ஓதிக்கொண்டிருந்திருப்பார் போல, குரல் கட்டியிருந்தது. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"டொக்டர், வேற மருந்து எங்க இரிந்தாலும் செல்லுங்க. சிங்கப்பூர்ல இரிந்தாலும் எடுப்பிச்சித் தாறேன். மெட்ராஸ்ல மச்சான் ஒராள் இரிக்கார், இன்டைக்கே அனுப்புவார். நீங்க பேரை மட்டும் செல்லுங்க."

மருந்து கீழ்த்தளத்தில் இருந்தது. லிப்டில் இறங்கினால் வலது பக்கம் பாமசி. சிவக்கொழுந்து அம்மாவுக்கு எடுப்பித்ததில் மிச்சம்கூட இருந்தது. ஸ்ரனிஸ்லாஸுக்கு ஒரு போன் எடுத்தால் போதும்.

"தேவையில்லை ஹாஜியார். பலமான மருந்துதான் போய்க்கொண்டிருக்கு. நீங்கள் துஆ செய்யுங்கோ" என்றேன். அவர் "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார். எனக்கு அந்த நேரம் என்ன தோன்றியது என்று கேட்பீர்கள். ஒன்றும் தோன்றவில்லை. கையைக் கழுவிவிட்டு அடுத்த அறைக்குப் போனேன். அன்றிலிருந்து இன்றுவரை எனக்கு அப்படித்தான் இருக்கிறது, பல்லுக்கு ஊசி போட்டபின் கன்னம் இருக்குமே, அதுபோல.

அதற்கு அடுத்த நாள் துஷாந்தினியின் கல்யாணம், பம்பலப்பிட்டியில். என்னை முன் வரிசையில் இருத்தினார்கள். சிவக்கொழுந்து அம்மா பட்டுச் சேலையும் தலையில் ஒரு மெல்லிய சால்வையுமாக மணவறைக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டார். கெட்டி மேளத்துக்குச் சற்று முன் போன் அதிர்ந்தது. றோஸி.

"சேர், நிஹ்லாட பிரஷர் விழுந்துட்டு. கை கால் எல்லாம் குளிரா இருக்கு. அந்தச் சிவக்கொழுந்து அம்மாக்குக் குடுத்த மருந்து இந்தப் பிள்ளைக்குச் சரிவராதா சேர்? ஸ்ரனிஸ்லாஸ் டொக்டருக்கு நான் எடுத்துக் கேக்கவா?"

நிதானமாகத்தான் சொன்னேன். "வேண்டாம் மிஸ். அவருக்கு எடுக்க வேண்டாம். சேலைனைக் கூட்டுங்கோ. நான் வாறன்."

"சேர், ஒரு போன்தானே…"

"நான் வாறன் எண்டு சொன்னனான்."

உடனே எழும்பவில்லை. தாலி கட்டும் நேரத்தில் முன் வரிசையில் இருந்து எழுந்து போவது முறையில்லை, சபை முழுக்கத் திரும்பிப் பார்க்கும். தாலி ஏறியது. அறுகரிசி போட்டு வாழ்த்தினேன். சாப்பிடாமல் போகக்கூடாது என்று துஷாந்தினியின் மாமா கையைப் பிடித்தார். கொஞ்சம் பாயசம் மட்டும் குடித்தேன். காலி வீதியில் அன்று வாகன நெரிசல் வேறு.

நான் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு நினைவு இல்லை. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு இறக்கினோம். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிய அவள் போய்விட்டாள்.

அவர்களுடைய முறை உங்களுக்குத் தெரியும். மையித்தை அடக்காமல் சுணக்க மாட்டார்கள், உடலை வெட்டவும் விரும்ப மாட்டார்கள். நான் அதை மதித்தேன். இரத்தம், மாதிரி என்று யாரும் எதையும் எடுக்க முன்பே கடதாசிகளைக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். காரணம் லிம்போமா என்று எழுதினேன். அன்று இரவு இஷா தொழுகைக்குப் பிறகு நல்லடக்கம் ஆயிற்று. மையவாடி வாசல் வரை நானும் போனேன். ஹாஜியார் என்னைக் கட்டிப்பிடித்து, "நீங்க எவ்வளவோ பாடுபட்டீங்க டொக்டர். அல்லாஹ் ஒங்களுக்கு நல்ல சுகத்தத் தரோணும்" என்றார். கூட்டத்தில் இருந்தவர்கள் எல்லோரும் எனக்கு ஸலாம் சொன்னார்கள்.

எப்படி வெளியே வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது என் பிழையால் வரவில்லை. கண்டியில் டொக்டர்மாரின் கூட்டம் ஒன்று, மருந்துக்கு அடங்காத கிருமிகள் பற்றி நான் பேச வேண்டியிருந்தது. நான் போன அன்று அதே அறையில், அதே கட்டிலில் இருந்த இன்னொரு பெண்ணுக்குக் காய்ச்சல். என் இளைய டொக்டர் ராசிக் வாட்டில் நின்றான். ராசிக் பாவம், இதில் ஒன்றும் பெரிதாகத் தெரியாத பையன், என் வகுப்புகளில் தூங்குகிறவன். என்ன செய்வதென்று தெரியாமல் இரத்தத்தையும் அனுப்பி, ஸ்ரனிஸ்லாஸுக்குப் போனும் எடுத்துக் கேட்டிருக்கிறான். அதே கட்டிலில்தான் ஒரு பிள்ளை காய்ச்சலில் போனது என்றதும் அவருக்கு ஏதோ தட்டுப்பட்டிருக்கிறது. றோஸியைக் கூப்பிட்டுக் கேட்டார், றோஸி அழுது எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அந்தப் பெண்ணுக்கு அன்றே கொலிஸ்டின் ஏற்றினார்கள், இப்போது வீட்டில் இருக்கிறாளாம். ராசிக்கை எல்லோரும் தூக்கிப் பிடிக்கிறார்கள். அவனுக்குத் தெரியாததால் கேட்டான், அவ்வளவுதான். அதில் மெச்ச என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

ஆகவே நடந்தது இதுதான். அந்தக் கிருமி அந்த அறையில் இருப்பது எனக்குத் தெரியும். நிஹ்லாவுக்கு அது தொற்றக்கூடும் என்று தெரியும். கொடுத்த மருந்து கேட்காது என்று தெரியும், கேட்கிற மருந்து எங்கே இருக்கிறது என்று தெரியும். தாதி கேட்டபோது தடுத்தேன். தெரியாமல் ஒன்றையும் செய்யவில்லை. இதில் கையெழுத்திட எனக்குத் தயக்கம் இல்லை.

ஒரு விஷயம் மட்டும். வெளியே மர வாங்கில் ஜவாத் ஹாஜியார் உட்கார்ந்திருக்கிறார். காலையில் நான் வர, பழக்கதோஷத்தில் எழும்பி நின்றார். ஆள் பாதியாகிவிட்டார். பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்: "டொக்டர், ஒங்களுக்குத் தெரியாமத்தானே நடந்திச்சி? ஓமெண்டு செல்லுங்க. நான் குடுத்த முறைப்பாட்டை வாபஸ் வாங்கிட்டுப் போறேன்." தர்ஷன் என் முழங்கையை அழுத்தினார். நான் கையை விடுவித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

நீங்கள் இதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று நல்ல விளக்கமாகச் சொல்லுங்கள். விஷயம் தெரியாத ஒரு டொக்டரிடம் மகளைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேனே என்று அந்த மனிதர் காலம் முழுக்கக் கவலைப்பட்டுக்கொண்டு இருக்கக்கூடாது.